மீட்டு வந்த பெண் யார் பொறுப்பில்?

இரண்டு பெண்களை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள்.

இருவருக்கும் ஒடிசாவில் பலாங்கிர் மாவட்டம் சொந்த ஊர். இருவரையும் ஒரே தரகன் ஆசை காட்டி ரெயில் ஏற்றினான். இருவரும் சென்னைக்கு வந்து இறங்கினார்கள்.

ஒருத்தி திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மாட்டிக்கொண்டாள். மற்றொருத்தி அம்பத்தூர் பக்கம் ஒரு வாடகை வீட்டில் அடைபட்டாள். அங்கே அவளை வைத்து விபசாரம் நடத்தினார்கள்.

ஒரே நாளில் இருவரையும் அதிகாரிகள் மீட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சூளையில் இருந்த பெண்ணுக்கு "விடுதலைச் சான்றிதழ்" கொடுப்பார்கள். அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டு அவள் ஊருக்கு ரெயில் ஏறலாம்.

வீட்டில் அடைபட்டிருந்த பெண்ணுக்கு? அவளை ஒரு ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை காப்பு இல்லத்தில் வைத்திருக்கும்படி மாஜிஸ்திரேட்டு உத்தரவு போடலாம்!

இது கதைக்காகச் சொன்ன இரண்டு பெண்கள்தான். ஆனால் சட்டம் கதை அல்ல. இந்திய அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு, மனிதரை விற்று வாங்குவதையும் கட்டாய வேலை வாங்குவதையும் ஒரே வாக்கியத்தில் தடை செய்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று 1956-ம் ஆண்டில் வந்த விபசாரத் தடுப்புச் சட்டம். மற்றொன்று 1976-ம் ஆண்டில் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். ஒரு சட்டம் கதவைத் திறந்து விடுகிறது. மற்றொரு சட்டம் ஒரு கதவைத் திறந்து, இன்னொரு கதவுக்குள் அனுப்புகிறது.

அந்த இன்னொரு கதவுக்குள் சர்க்காரும் இருக்கிறது. மதமும் இருக்கிறது. அந்தக் கதைதான் இது.

ஆவடி, அன்று!

வெளியூர்ப் பெண்கள் வந்து குவிவது நம் மேற்குப் புறநகருக்குப் புதிது. ஆனால் இங்கே இருந்து பெண்கள் வெளியே போனது பழைய கதை.

மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுபோன காலத்தில் அவர்களைக் கூட்டி வைக்க இரண்டு முகாம்கள் இருந்தன. ஒன்று நாகப்பட்டினத்தில். மற்றொன்று ஆவடியில். கங்காணி கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்ப்பான். முகாமில் டாக்டர் பார்ப்பார். பிறகு கப்பல். மலேயாவுக்குச் செலவு கொடுத்து ஆள் கொண்டுபோவது 1938-ம் ஆண்டோடு நின்றது.

அதற்கும் முன்னால் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. பிஜித் தீவுக்குத் தென்னாட்டில் இருந்து 1903 முதல் ஆள் ஏற்றினார்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் கட்டாயம் வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை குறைந்தால் ஏஜெண்டு என்ன செய்வான்? கோவிலுக்கு வந்தவள், கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், வழி தவறியவள் என்று கிடைத்தவளை எல்லாம் பேசி மயக்கிக் கப்பல் ஏற்றினான்.

இதை ஊர் அறியச் செய்தவர்களில் ஒருவர், இங்கிலாந்தில் இருந்து பாதிரியாராக வந்த சி.எப்.ஆண்ட்ரூஸ். அவர் பிஜிக்கே போய்ப் பார்த்தார். 1916-ல் அவரும் பியர்சனும் எழுதிய அறிக்கையில் அங்குள்ள பெண்களின் நிலை நிறையச் சொல்லப்பட்டது. 1917-ல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1920 பிறந்தபோது எஞ்சி இருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

அன்று ஆள் ஏற்றியது சர்க்கார் கொடுத்த லைசென்சு. எதிர்த்துக் கேட்டவர் சமயத்தில் இருந்து வந்தவர். இன்று நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை.

சூளைக் கணக்கு

இப்போது ஆள் வந்து இறங்கும் இடம் இது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உண்டானது. இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்காளம் என்று பல ஊர் ஆட்கள் இந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் நல்லபடியாக வந்து, உழைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். வெளியூர்ப் பெண் என்றாலே ஏமாந்து வந்தவள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

சூளைக்கு வருகிறவர்களின் வழி வேறு. மேற்கு ஒடிசாவில் புது அரிசியை உண்ணும் "நுவாகாய்" திருநாள் வரும். அது ஆவணி, புரட்டாசிப் பக்கம். பண்டிகை முடிந்ததும் தரகர்கள் முன்பணத்தோடு வீடு வீடாக வருவார்கள். காண்டாபாஞ்சி என்ற ரெயில் நிலையத்தில் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். கார்த்திகை, மார்கழியில் தொடங்கும் வேலை, கோடை முடிய நடக்கும்.

முன்பணம் ஓர் ஆளுக்கு அல்ல. ஒரு "பதுரியா"வுக்கு. பதுரியா என்றால் கணவன், மனைவி, கூட ஒரு பிள்ளையோ உறவினரோ சேர்ந்த ஒரு ஜோடணை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி.

இங்கே கவனியுங்கள். பணம் வாங்கியது கணவன். கை நீட்டியது அவன். மண் பிசைவதும் கல் அடுக்குவதும் மனைவி. அவளுக்கு என்று தனிக் கணக்கு கிடையாது. கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு கழிந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அவள் கடன் வாங்கவில்லை, ஆனால் கடனாளி!

2011-ம் ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பெரிய செங்கல் சூளையில் இருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, ஒரே முறையில் மீட்கப்பட்டார்கள். இதில் அதிகாரிகளோடு வேலை செய்த அமைப்பு, "இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன்". அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு அது. சென்னையிலும் அலுவலகம் வைத்து நடத்தியது.

"பார்த்தீர்களா, மதக்காரர்கள் வந்துவிட்டார்கள்" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொத்தடிமைகளுக்காகச் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1983-ல் புகழ்பெற்ற தீர்ப்பை வாங்கிய "பந்துவா முக்தி மோர்ச்சா"வை நடத்தியவர் யார்? சுவாமி அக்னிவேஷ். காவி உடுத்த ஆரிய சமாஜ சன்னியாசி! அரியானா மாநிலம் பரீதாபாத் கல் குவாரிகளில் வெளிமாநிலத்தார் பட்ட பாட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்.

சிலுவை போட்டவரும் வரலாம். காவி கட்டியவரும் வரலாம். தகவல் சொல்லலாம், மனு எழுதலாம், வக்கீல் வைக்கலாம். ஆனால் சூளையில் இருந்து ஒரே ஒரு ஆளைக்கூட அவர்களால் விடுவிக்க முடியாது. அந்தக் கையெழுத்து, கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ. போன்ற அதிகாரிகளுக்கும் உரியது. அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் விடுதலைச் சான்றிதழ். கடன் தீர்ந்தது என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

பிறகு உதவித் தொகை. 2016-ல் மத்திய சர்க்கார் போட்ட திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம் ரூபாய். பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம். மிகக் கொடுமையான நிலையில் இருந்து மீட்கப்பட்டவருக்கு 3 லட்சம். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. முழுத் தொகையும் வர வேண்டுமானால் வைத்திருந்தவனுக்குத் தண்டனை ஆக வேண்டும். உடனே கிடைப்பது ஒரு பகுதிதான். 2016-ல் 20 ஆயிரம் ரூபாயாக இருந்த அது, பின்னால் 30 ஆயிரம் வரை என்று உயர்ந்தது.

முடிச்சு இருந்தாலும் ஒன்று உண்மை. சூளைப் பெண்ணைப் பார்த்து, "உன் மதம் என்ன? உன் நடத்தை எப்படி? உன் தகப்பனார் நல்லவரா?" என்று யாரும் கேட்பதில்லை.

"ஐந்து கண்ணியமானவர்கள்"

மற்றவளிடம் அத்தனையும் கேட்கிறார்கள்!

1950 மே 9-ந் தேதி நியூயார்க்கில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அதை ஒட்டி நம் பாராளுமன்றம் போட்டது 1956 சட்டம். சென்னை ராஜ்யத்தில் 1930-லேயே இப்படி ஒரு சட்டம் உண்டு. 1986-ல் 1956 சட்டத்தைத் திருத்திப் பெயரையும் மாற்றினார்கள்.

மீட்ட பெண்ணை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். அவர் விசாரணைக்கு உத்தரவிடுவார். அவள் வயது என்ன, குணம் என்ன, முன் வாழ்க்கை என்ன, அவளைப் பெற்றோரிடமோ கணவனிடமோ விடலாமா என்று விசாரிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது மூன்று வாரம் வரை அவளைக் காவலில் வைக்கலாம்.

மாஜிஸ்திரேட்டுக்கு யோசனை சொல்ல ஐந்து கண்ணியமானவர்களை அழைக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. முடிந்தவரை அதில் மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஒரே ஓர் அதிகாரி முடிவு செய்வதை விட ஐந்து பேர் மேல். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒடியா பேசுகிறவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

முடிவில் அவளுக்குப் பாதுகாப்பு தேவை என்று மாஜிஸ்திரேட்டு கருதினால், ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை பாதுகாப்பு இல்லத்திலோ, தகுந்தது என்று அவர் நினைக்கும் வேறு பொறுப்பிலோ வைக்கலாம்.

இந்த இடத்தில்தான் சட்டம் மதத்தைத் தொடுகிறது. அப்படி ஒப்படைக்கப்படும் பொறுப்பு, அந்தப் பெண்ணின் மதத்துக்கு வேறான மதத்தைச் சேர்ந்த ஆளிடமோ அமைப்பிடமோ இருக்கக் கூடாது!

17-வது பிரிவில் இது இருக்கிறது. அதிகம் பேர் கவனித்ததில்லை.

ஏன் அப்படி எழுதினார்கள்?

பழைய பயம்தான் காரணம். அனாதைகளையும் அபலைகளையும் எடுத்து வளர்க்க முதலில் வீடு கட்டியவர்கள் மிஷனரிகள். அவர்கள் சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், தங்கள் மதத்திலும் சேர்த்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல், கோவிலுக்குப் பொட்டுக் கட்ட இருந்த சிறுமிகளை எடுத்து வளர்த்தார். அந்தக் குழந்தைகள் கிறிஸ்தவர்களாக வளர்ந்தார்கள். உறவினர்கள் கோர்ட்டுக்குப் போனதும் உண்டு.

இங்கிலாந்திலும் இதே பயம் இருந்தது. அங்கே கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுக்கும் இழுபறி. 1908-ம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்திலேயே, குழந்தையை அதன் சமயத்தாரிடமே விட முயல வேண்டும் என்று விதி செய்தார்கள்.

மதங்களுக்கு இடையே சண்டை வராமல் இருக்க அது நல்ல விதிதான். பெண்ணுக்கு நல்லதா? அது வேறு கேள்வி.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதற்கு வேறு விடை கண்டார். தேவதாசிக் குடும்பத்துப் பெண்களை அன்றைய விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவரவர் சாதிக்கும் சமயத்துக்கும் விடுதி இருந்தது. இவர்களுக்கு இல்லை! போக்கிடம் இன்றித் தம் வீட்டு வாசலுக்கு வந்த பெண்களை அவர் உள்ளே அழைத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். 1930-ஐ ஒட்டிய காலம் அது. பிறகு அடையாறில் பெரிதாக வளர்ந்தது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வர 1947 ஆயிற்று.

இன்று ஒடிசாவின் மலைக்காட்டில் இருந்து வந்த ஓர் ஆதிவாசிப் பெண்ணிடம் "உன் மதம் என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? கோந்த் மக்கள் "தரணி பெனு" என்ற பூமித் தாயை வணங்குகிறவர்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் எங்கே? எழுதுகிறவர் தமக்குத் தோன்றியதை எழுதுவார். அதை வைத்து அவள் போகும் வீடு முடிவாகும்.

"எங்கே இருக்க உனக்குப் பிரியம்?" என்ற கேள்வி அந்த விதியில் இல்லை. கன்னிமார் நடத்தும் இல்லம் அவளுக்குப் பிடித்திருக்கலாம். பிடிக்காமல் போகலாம். தன் மதத்தார் நடத்தும் இல்லமே அவளுக்குக் கசக்கலாம். மதம் ஒன்றாக இருந்தால் மனமும் ஒன்றாக இருக்கும் என்று சட்டம் எண்ணிக்கொண்டது!

அயர்லாந்தில் அழுத பெண்கள்

ஒரே மதமாக இருந்தும் என்ன நடந்தது என்பதற்கு அயர்லாந்து சாட்சி.

அங்கே "மக்தலேன் சலவைக் கூடங்கள்" இருந்தன. கத்தோலிக்கக் கன்னிமார் நடத்தினார்கள். உள்ளே இருந்த பெண்களும் கத்தோலிக்கரே. வழி தவறியவர்கள், மணமாகாமல் தாயானவர்கள், ஏழைகள், அனாதைகள் என்று பலரையும் கொண்டுபோய் அடைத்தார்கள். கூலி இல்லாமல் துணி துவைக்க வைத்தார்கள். கடைசிக் கூடம் மூடியது 1996-ல்தான்!

சர்க்காருக்கு இதில் பங்கு இல்லை என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2013-ல் விசாரணை அறிக்கை வந்தது. உள்ளே போனவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல், சர்க்கார் வழியாக அனுப்பப்பட்டவர்கள் என்று தெரிந்தது. கோர்ட்டும் அனுப்பியது, அதிகாரிகளும் அனுப்பினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி பிரதமர் எண்டா கென்னி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மதத்தை விலக்கிவிட்டால் எல்லாம் சரியாகுமா என்றால், அதுவும் இல்லை. பீகாரில் முசாபர்பூரில் சர்க்கார் பணத்தில் நடந்த சிறுமியர் இல்லத்தில் நடந்த கொடுமை 2018-ல் நாட்டையே உலுக்கியது. அங்கே மதம் இல்லை. பூட்டிய கதவு இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க ஆள் இல்லை.

"நீ போகலாம்!"

மும்பையில் மலாட் பகுதியில் 2019-ல் மூன்று இளம் பெண்களைப் போலீசார் மீட்டார்கள். மூவரும் வயது வந்தவர்கள். மூவரும் வெளிமாநிலத்தார். மாஜிஸ்திரேட்டு என்ன செய்தார்? அவர்கள் பேடியா சமூகத்தார் என்றும், அந்தச் சமூகத்தில் பெண்களை இந்தத் தொழிலுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு என்றும் சொல்லி, பெற்றோரிடம் விட மறுத்தார். உத்தரபிரதேசத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஓர் ஆண்டு வைக்கும்படி உத்தரவிட்டார்.

பம்பாய் ஐகோர்ட்டு 2020 செப்டம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. வயது வந்த பெண் எங்கே இருக்க வேண்டும், என்ன தொழில் செய்ய வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை உடையவள் என்று நீதிபதி பிருத்விராஜ் சவான் தீர்ப்பளித்தார்.

2022 மே 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி போனது. நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் பாதுகாப்பு இல்லங்களில் கணக்கெடுக்க வேண்டும். விருப்பம் இல்லாமல் அடைபட்டுள்ள வயது வந்த பெண்களின் வழக்கை மறுபடி பார்த்து, கால வரம்புக்குள் விடுவிக்க வேண்டும் என்பது அது.

ஆனால் 17-வது பிரிவு புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது. மூன்று ஆண்டும் இருக்கிறது. மத விதியும் இருக்கிறது.

தரகனுக்குத் தண்டனை கடுமையாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவுப்படி, ஓர் ஆளைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு சிறை. ஒன்றுக்கு மேற்பட்டவரைக் கடத்தினால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. "அவள் சம்மதித்துத்தான் வந்தாள்" என்று தரகன் சொல்லித் தப்ப முடியாது.

நம் பக்கத்தில் யாரைக் கேட்பது?

இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி 1-ல் உண்டான ஆவடி போலீஸ் கமிஷனர் எல்லையில் வருகின்றன. ஆனால் அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஆகவே கொத்தடிமைப் புகாரை எந்தக் கலெக்டரிடம் கொடுப்பது என்பதைச் சூளை இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். போலீசுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

மீட்கப்பட்ட பெண்களைத் தங்க வைக்க மத்திய சர்க்கார் 2007-ல் "உஜ்வாலா" என்ற திட்டம் போட்டது. இப்போது அது "சக்தி சதன்" திட்டத்தில் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விடுதி, இல்லம் நடத்துகிறவர் யாராக இருந்தாலும், எந்த மதத்தாராக இருந்தாலும், 2014-ம் ஆண்டுச் சட்டப்படி லைசென்சு வாங்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஓர் இல்லம் இருந்தால், லைசென்சு உண்டா என்று கேட்பதில் தப்பு இல்லை.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1956 சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு பெண் தானாகவே மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். அதே சட்டத்தில், தன்னைக் காப்பகத்தில் வைக்கும் உத்தரவு பிடிக்காதவள் செஷன்சு கோர்ட்டில் அப்பீல் செய்யலாம்.

பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. அவசரப் போலீசுக்கு 112. காசு கிடையாது. வெளிமாநிலப் பெண்ணுக்காக நீங்கள் பேசினால், அவள் எந்தப் பாஷை பேசுகிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பாஷை தெரிந்த ஆள் வந்த பிறகே அவள் வாக்குமூலத்தை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.